டாக்டர் செக் பண்ணின விதம் மனச அறுக்குதா? கம்ப்ளைன்ட் பண்ணலாமா வேண்டாமான்னு எப்படி முடிவெடுக்கறது

போன வருஷம் ஆவணி மாசம், அடிவயித்து வலியும் வெள்ளப்படுதலும் அதிகமா இருக்குன்னு எங்க ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர்தானேன்னு துணைக்குக்கூட யாரையும் கூட்டிட்டுப் போகல. ரெண்டு கேள்வி கேட்டாங்க, படுங்கன்னாங்க, படுத்தேன், அடுத்த நிமிஷமே ஸ்பெகுலம் உள்ள போயிடுச்சு, அதான் உள்ள வெச்சு விரிச்சுப் பாப்பாங்களே அந்தக் கருவி, "உள்ள செக் பண்ணப் போறேன்"னு ஒரு வார்த்தை சொல்லல. வலிக்குது மேடம்னேன். "ரெண்டு புள்ள பெத்துட்டு இதுக்குப் போயி கத்துறியே"ன்னாங்க. ஸ்க்ரீன் பாதிதான் இழுத்து விட்டிருந்துச்சு, அடுத்த டோக்கன்காரங்க காலு எனக்குத் தெரியுது, அப்ப அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும். வெளிய வந்து மாத்திரை வாங்கி பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தோசை ஊத்தி எல்லாருக்கும் போட்டுட்டு, ராத்திரி பாத்ரூம் கதவ சாத்திக்கிட்டு அழுதேன்.

அதுக்கப்புறம் மூணு வாரம் மண்டைக்குள்ள ஒரே ஓட்டம்தான். வைத்தியம்தானே பண்ணினாங்க, லேடிதானே, இதுல என்ன தப்பு, அப்புறம் ஏன் நெனச்சாலே உடம்பு கூசுது, கம்ப்ளைன்ட் பண்ணா யாரு நம்புவா, பண்ணலைன்னா இன்னொருத்திக்கும் இதேதானே நடக்கும். அந்த மூணு வாரத்துல எனக்கு யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுற எல்லாத்தையும் இங்க எழுதறேன். உங்களுக்கு நடந்தது என்னோடத விட சின்னதா இருக்கலாம், ரொம்ப பெருசாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் இதுல வழி இருக்கு.

மொதல்ல ஒண்ணு. கம்ப்ளைன்ட் பண்றதா இல்லையான்னு இன்னைக்கு முடிவு பண்ண வேண்டாம், ஆனா நடந்தத இன்னைக்கே எழுதி வெச்சிடுங்க. நான் இத செய்யாம விட்டு மூணு வாரம் கழிச்சு எழுத உக்காந்தப்ப அந்த ரூம்ல நர்ஸ் இருந்தாங்களா இல்லையான்னே சரியா ஞாபகம் வரல. தேதி, நேரம், டோக்கன் நம்பர், எந்த ரூம், உள்ள யார் யார் இருந்தாங்க, ஸ்க்ரீன் இருந்துச்சா, கதவு சாத்தியிருந்துச்சா, கிளவுஸ் போட்டிருந்தாங்களா, நீங்க என்ன பிரச்சனைன்னு சொல்லிட்டுப் போனீங்க, தொடறதுக்கு முன்னாடி அவங்க என்ன சொன்னாங்க, நீங்க வலிக்குதுன்னோ வேண்டாம்னோ சொன்னீங்களா, சொன்னதும் என்ன செஞ்சாங்க. பேசின வார்த்தைய அப்படியே அவங்க வாய்ல வந்த மாதிரியே எழுதுங்க, நாகரிகமா மாத்தி எழுதாதீங்க. நம்பிக்கையான ஒருத்தருக்கு அத வாட்ஸப்ல அனுப்பி வெச்சீங்கன்னா தேதியும் நேரமும் தானா பதிஞ்சிடும், பின்னாடி "இப்பதான் கதை கட்டுறா"ன்னு யாரும் சொல்ல முடியாது. ஓ.பி. சீட்டு, பில்லு, ஸ்கேன் ரிப்போர்ட், அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ். எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

இப்ப இதுல காத்திருக்கவே கூடாத ரெண்டு விஷயம் இருக்கு, அத தனியா சொல்லிடறேன். ஒண்ணு, பாதிக்கப்பட்டது 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளையா இருந்து, பாலியல் ரீதியா தொட்டதா சந்தேகம் வந்தா, அங்க யோசிக்கற பேச்சே கிடையாது. போக்சோ சட்டம் 2012, பையனுக்கும் பொண்ணுக்கும் ரெண்டு பேருக்கும் பொருந்தும், விஷயம் தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு அந்தச் சட்டமே சொல்லுது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஃபோன் பண்ணாலும் வழி காட்டுவாங்க. ரெண்டாவது, வைத்தியம்ங்கற பேர்ல பலாத்காரமே நடந்துச்சுன்னு தோணுச்சுன்னா, குளிக்காம, போட்டிருந்த துணிய துவைக்காம ஒரு பேப்பர் பையில வெச்சு (பிளாஸ்டிக் கவர்ல வேண்டாம், ஈரம் தங்கி தடயம் கெட்டுடும்) அரசு ஆஸ்பத்திரிக்கோ ஸ்டேஷனுக்கோ உடனே போங்க. அந்த நெலமைல வர்றவங்களுக்கு அரசு ஆஸ்பத்திரி தனியார் ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் இலவசமா சிகிச்சை குடுத்தே ஆகணும், குடுக்கலன்னா அதுவே குற்றம். அங்க யாராச்சும் "ரெண்டு விரல் டெஸ்ட்" (உள்ள விரல் விட்டு, ஏற்கனவே உறவுப் பழக்கம் இருக்கான்னு பாக்கறது) எடுக்கணும்னு சொன்னா மறுத்துடுங்க, அந்த டெஸ்ட் கூடவே கூடாதுன்னு 2022 அக்டோபர் 31ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

மத்த எல்லாத்துக்கும் யோசிக்க டைம் இருக்கு. யோசிக்கறப்ப பெரும்பாலும் நாம தப்பான கேள்விய கேட்டுக்கறோம், "அந்த டாக்டர் கெட்டவரா, கெட்ட எண்ணத்தோட தொட்டாரா"ன்னு. இன்னொருத்தர் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது, அங்கயே மாட்டிக்கிட்டு நின்னுடுவீங்க, நான் அப்படித்தான் நின்னேன். அதுக்கு பதிலா நான் கடைசியா கேட்டுக்கிட்ட மூணு கேள்வி இது: அந்தச் செக்கப் என் பிரச்சனைக்குத் தேவையா, செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லி நான் சரின்னேனா, வேண்டாம்னு சொன்னப்ப நிறுத்தினாங்களா.

தேவையாங்கறதுதான் நமக்குத் தெரியாத பக்கம், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். சில செக்கப் நமக்கு சங்கடமா இருக்கும் ஆனா வழக்கமானதுதான். நெஞ்சு சத்தம் கேக்கறப்ப ஸ்டெத்த இடது மார்புக்குக் கீழ வெப்பாங்க, இதயத் துடிப்பு அங்கதான் நல்லா கேக்கும். மார்புல கட்டின்னு போனா ரெண்டு மார்பையும் அக்குளையும் சேர்த்துத்தான் தடவிப் பாப்பாங்க. குடலிறக்கம்னு சந்தேகம் வந்தா ஆம்பளைங்களுக்கு தொடை இடுக்குல கை வெச்சு இருமச் சொல்லுவாங்க. மலத்துல ரத்தம் போகுதுன்னா, இல்ல வயசானவங்களுக்கு மூத்திரம் சரியா போகலன்னா ஆசனவாய்ல விரல் விட்டுப் பாப்பாங்க. வெள்ளப்படுதல், அடிவயித்து வலிக்கு பி.வி.ன்னு நர்ஸுங்க சொல்ற உள் பரிசோதனையும் வழக்கம்தான், அதனால என் விஷயத்துல "தேவையா"ங்கறதுக்கு பதில் ஆமான்னுதான் வந்துச்சு, அத ஒத்துக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு.

ஆனா தொண்டை வலிக்குப் போன பொண்ணோட பாவாடை நாடாவுக்கு வேலையே கிடையாது. முட்டி வலிக்கு உள் பரிசோதனை கிடையாது. கிளவுஸ் இல்லாம உள்ள கை விடறது எந்த நோய்க்கும் வைத்தியம் கிடையாது. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பொதுவா நெறைய தண்ணி குடிக்க வெச்சு வயித்து மேல ஸ்கேன் எடுப்பாங்க, உள்ள விட்டு எடுக்கற ஸ்கேன் வேணும்னா ஏன்னு சொல்லி கேட்டுட்டுத்தான் எடுக்கணும். கேக்காம ஃபோன்ல ஃபோட்டோ எடுக்கறதும் அப்படித்தான், "ரெக்கார்டுக்கு"ன்னு சொன்னாலும் சரி. உங்களுக்கு சந்தேகம் தீரலன்னா வேற ஒரு டாக்டர்கிட்ட போயி, மொத டாக்டர் பேர சொல்லாம, "இந்த மாதிரி பிரச்சனைக்கு இந்த மாதிரி செக் பண்றது வழக்கமா மேடம்"னு மட்டும் கேளுங்க. அவங்க முகம் மாறுற விதத்துலயே பாதி பதில் கெடச்சிடும்.

அடுத்து சம்மதம். பி.பி. பாக்க நாம கைய நீட்டினா அதுவே சம்மதம்தான், யாரும் கையெழுத்து கேக்க மாட்டாங்க. ஆனா படுங்கன்னதும் படுத்ததால உள்ள எது வேணா செய்யலாம்னு அர்த்தம் ஆகாது. 2008ல சமிரா கோலி வழக்குல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு, உள்ள பாத்து சோதனை பண்றதுக்குத்தான் அந்தப் பெண் சம்மதம் குடுத்தாங்க, மயக்கத்துல இருக்கறப்ப கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க, ஒண்ணுக்குக் குடுத்த சம்மதம் இன்னொண்ணுக்கு செல்லாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. எனக்கு நடந்தது அதுக்குப் பக்கத்துலகூட வராது, இருந்தாலும் அந்த விஷயத்தப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது, என் மனசு அறுத்ததுக்குக் காரணம் வலி இல்ல, என்ன நடக்கப் போகுதுன்னு எனக்கு யாரும் சொல்லலங்கறது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, ஆண் டாக்டர் ஒரு பெண் நோயாளிய செக் பண்றப்ப கூட ஒரு பெண் இருக்கணும்னு கேக்கறது நோயாளியோட உரிமைன்னு தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளர் உரிமை சாசனத்துல இருக்கு, அந்தப் பெண்ண ஏற்பாடு பண்ண வேண்டியது ஆஸ்பத்திரி பொறுப்புன்னும் அதுல இருக்கு.

மூணாவது கேள்விக்கு பெருசா விளக்கம் தேவையில்ல. நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும், நிறுத்திட்டு ஏன் வலிக்குதுன்னு கேக்கணும். பிரசவ வார்டுலயும் அப்படித்தான், அங்க கத்தற பொம்பளைங்கள அடிக்கறதும் "அப்ப இனிச்சுதா"ன்னு கேக்கறதும் காலங்காலமா நடக்குதுங்கறதால அது சரியாயிடாது. 2017ல மத்திய அரசு கொண்டு வந்த லக்ஷ்யா திட்டத்தோட நோக்கத்துல மரியாதையான பிரசவமும் ஒண்ணு.

மூணுக்கும் பதில் எழுதிட்டீங்களா, இப்ப விஷயம் எந்தப் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சிடும். தேவையான செக்கப், ஆனா சொல்லாம மரியாதையில்லாம பண்ணினாங்கன்னா அது ஆஸ்பத்திரி கிட்டயும் மெடிக்கல் கவுன்சில்லயும் கேக்க வேண்டிய விஷயம். தேவையே இல்லாத இடத்துல தொட்டிருக்காங்கன்னா அது போலீஸ் விஷயம், பழைய ஐ.பி.சி.க்கு பதிலா 2024 ஜூலை 1லேருந்து நடைமுறைல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதால 74, 75 பிரிவெல்லாம் இதுக்குத்தான். பலாத்காரத்துக்கான 63ஆம் பிரிவுல மருத்துவ செயல்முறைக்கு விலக்கு குடுத்திருக்காங்க, அதனாலதான் எதிர்த்தரப்பு வக்கீல் மொதல்ல "அது வைத்தியம்தான்"னு சொல்லுவாரு, அதனாலதான் அந்த மொத கேள்விய நான் இவ்ளோ நேரம் பேசினேன். வயசு வந்த ஆண்களுக்கு ஒண்ணு சொல்லணும், ஆண்கள் மேல நடக்கற பலாத்காரத்துக்கும் பொருந்தின பழைய ஐ.பி.சி. 377 மாதிரி ஒரு பிரிவு புது சட்டத்துல இல்ல, அதனால போலீஸ் வழி உங்களுக்குக் குறுகலா இருக்கும், ஆனா ஆஸ்பத்திரி, மெடிக்கல் கவுன்சில் வழி ரெண்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆம்பளைக்கென்ன கூச்சம்னு விட்டுடாதீங்க.

இதுக்கப்புறம்தான் உண்மையான முடிவு, உங்களுக்கு என்ன வேணும்? நான் ஒரு பேப்பர எடுத்து எழுதினேன், அந்த டாக்டருக்கு வேலை போகணுமா, வேண்டாம். காசு வேணுமா, வேண்டாம். அந்த ஸ்க்ரீன முழுசா போடணும், உள்ள செக் பண்றதுக்கு முன்னாடி சொல்லணும், எனக்கு ஒருத்தர் நேரா பதில் சொல்லணும், இது மூணும் வேணும். இத எழுதினதும் எங்க போகணும்னு தானா தெரிஞ்சுது. உங்க பேப்பர்ல வேற வரலாம், அது உங்க இஷ்டம். ஒண்ணுமே வேண்டாம், அந்தப் பக்கம் இனி தலைவெச்சும் படுக்க மாட்டேன், வேற டாக்டர்கிட்ட போயிடறேன்னு வந்தா அதுவும் முடிவுதான். அடுத்த மாசம் பிரசவம், ஊருக்கே ஒரு டாக்டர்தான்னு இருக்கறவங்க குழந்தை பொறந்து உடம்பு தேறின பிறகு கம்ப்ளைன்ட் பண்ணலாம், அதுல கோழைத்தனம் எதுவும் இல்ல.

எங்க போறதுன்னு வேகமா சொல்றேன். தனியார்னா ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்துல. அரசு ஆஸ்பத்திரின்னா நிலைய மருத்துவ அலுவலர், மெடிக்கல் காலேஜா இருந்தா டீன், கேக்கலன்னா சுகாதார உதவி எண் 104, இல்ல முதல்வரின் முகவரி 1100, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். எம்.பி.பி.எஸ். டாக்டர் மேல நடவடிக்கை வேணும்னா சென்னை அரும்பாக்கத்துல இருக்கற தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், டாக்டரோட பதிவு எண் மருந்து சீட்டுலயே இருக்கணும் பாருங்க. எச்சரிக்கறதுலேருந்து பதிவ ரத்து பண்றது வரைக்கும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, ஆறு மாசத்துல முடிவு சொல்லணும்னு விதி இருந்தாலும் இழுக்கும், பொறுமை வேணும். நர்ஸ்னா நர்ஸிங் கவுன்சில் தனி. நஷ்ட ஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையம், நீங்க கட்டின ஃபீஸ் 5 லட்சத்துக்குள்ளன்னா வழக்குக் கட்டணம் கிடையாது, ஆனா இலவசமா பாக்கற அரசு ஆஸ்பத்திரி இதுக்குள்ள வராதுன்னு 1995லயே தீர்ப்பு இருக்கு. நெறைய பேருக்குத் தெரியாத ஒரு வழி, வேலை இடத்துல பாலியல் தொல்லைக்கான 2013 சட்டம் இருக்கே, அதுல ஆஸ்பத்திரியும் வேலை இடம்தான், பாதிக்கப்பட்ட பெண் அங்க வேலை பாக்கறவங்களா இருக்கணும்னு அவசியம் இல்ல, அதனால பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஆஸ்பத்திரில இருக்கற உள் புகார் குழுவுக்கு நோயாளியா இருந்தும் எழுதலாம்.

டைம் கணக்கு இதுதான். சி.சி.டி.வி. பதிவு கொஞ்ச நாள்லயே அழிஞ்சிடும், அதனால வராந்தா கேமரா பதிவ பத்திரப்படுத்தி வைங்கன்னு மட்டும் மொத வாரத்துலயே ஒரு ஈ-மெயில் தட்டி விடுங்க. உள் புகார் குழுவுக்கு மூணு மாசம். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷம். நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷம். அட்மிட் ஆன நோயாளியோட மெடிக்கல் ரெக்கார்ட மூணு வருஷம் வெச்சிருக்கணும், நோயாளி தன்னோட ரெக்கார்ட கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு 2002 விதிமுறைல இருக்கு, அத கட்டாயம் கேட்டு வாங்குங்க, ஏன்னா உங்க மேல நடந்த செக்கப் அதுல எழுதியே இல்லன்னாலோ, யாருமே இல்லாத ரூம்ல "நர்ஸ் உடன் இருந்தார்"னு எழுதியிருந்தாலோ அதுவே உங்களுக்குப் பெரிய ஆதாரம். போலீஸ் பக்கம் போறதா இருந்தா எந்த ஸ்டேஷன்லயும் குடுக்கலாம், எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது, இந்த மாதிரி பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்ட பெண் சொல்றத பெண் போலீஸோ வேற பெண் அதிகாரியோதான் எழுதணும். பாலியல் வன்முறை வழக்குல பாதிக்கப்பட்டவங்க பேர வெளியிட்டா வெளியிட்டவங்க மேலதான் கேஸ். வக்கீலுக்கு காசு இல்லன்னு தயங்காதீங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் உண்டு, நம்பர் 15100. பேசக்கூட ஆள் இல்லன்னா பெண்கள் உதவி எண் 181.

பயம்னு வந்தா ரெண்டு. ஒண்ணு, மானநஷ்ட வழக்கு போட்டுடுவாங்களோன்னு. நடந்தத நடந்தபடி, அத விசாரிக்க அதிகாரம் உள்ளவங்களுக்கு நல்லெண்ணத்துல எழுதிக் குடுத்தா அது அவதூறு ஆகாதுன்னு சட்டத்துலயே விலக்கு இருக்கு. ஆனா டாக்டர் பேரப் போட்டு கூகுள் ரிவ்யூல, ஃபேஸ்புக்ல கொட்டித் தீத்தீங்கன்னா அந்தப் பாதுகாப்பு அந்த அளவுக்குக் கெடைக்காது, அதனால ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் மொதல்ல மனு, அப்புறம் மத்தது. ரெண்டாவது பயம் வீடு. நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்க அண்ணிகிட்டதான் சொன்னேன், அவங்க "எனக்கும்டி, மொத புள்ளைக்கு"ன்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசினாங்க, பதினாலு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது. "இத வெளிய சொல்லலாமா, அசிங்கம்"னு சொல்லக்கூடியவங்ககிட்ட மொதல்ல போகாதீங்க. முடிவு உங்களோடது, வீட்ல உள்ளவங்க உங்களுக்கு பதிலா கோவப்பட்டு ஆஸ்பத்திரில போயி சண்ட போட விட்டுடாதீங்க, அப்படி ஆச்சுன்னா பேச்சு நடந்தத விட்டுட்டு அந்த சண்டைக்குத் திரும்பிடும்.

மனு எழுதறப்ப ஒரு பக்கத்துக்குள்ள முடிங்க. நான் எழுதினது இப்படித்தான் ஆரம்பிச்சுது: "இன்ன தேதி காலை 11 மணிக்கு தங்கள் மருத்துவமனையில் அடிவயிற்று வலிக்காகப் பரிசோதனைக்கு வந்தேன். உள் பரிசோதனை செய்யப்போவதாக என்னிடம் முன்கூட்டியே சொல்லப்படவில்லை. வலிக்கிறது என்று கூறியபோது பரிசோதனை நிறுத்தப்படவில்லை. திரை முழுமையாக மூடப்படவில்லை." அவ்ளோதான், மோசமான டாக்டர், ஈவு இரக்கமில்லாதவங்கன்னு ஒரு வார்த்தை சேக்கல. கடைசில எனக்கு வேணுங்கற மூணையும் எழுதி, 15 நாள்ல எழுத்துல பதில் வேணும்னு போட்டு, டெலிவரி அத்தாட்சியோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன், கைல குடுத்தா நகல்ல சீல் வாங்கிக்கோங்க.

பதினோராம் நாள் கூப்ட்டாங்க. அண்ணி கூட வந்தாங்க. நிர்வாக மேனேஜர் ஒருத்தர், அந்த டாக்டர், இன்னொரு சீனியர் சிஸ்டர். டாக்டர் "சொல்லிட்டுத்தான் பண்ணினேன், அவங்க கவனிக்கல"ன்னாங்க, மன்னிப்பு கேக்கல. சிஸ்டர்தான், நான் எழுதிட்டு வந்த பேப்பரப் பாத்துட்டு, அந்த ஸ்க்ரீனோட கம்பி உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு சார், நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்னு மேனேஜர்கிட்ட சொன்னாங்க. எழுத்துல பதில் வந்துச்சு, கம்பி மாத்திட்டோம், உள் பரிசோதனைக்கு முன்னாடி விளக்கி சம்மதம் வாங்கச் சொல்லி எல்லா டாக்டருக்கும் சுற்றறிக்கை விட்டிருக்கோம், நகல் இணைச்சிருக்கோம்னு. மெடிக்கல் கவுன்சிலுக்கு நான் போகல, போயிருக்கணுமான்னு இன்னைக்கும் சில நாள் யோசிப்பேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நான் திரும்பப் போகல. இப்ப பாக்கற டாக்டர்கிட்ட மொத நாளே, படுக்கறதுக்கு முன்னாடி, உக்காந்துக்கிட்டே சொன்னேன், "எனக்கு உள்ள செக் பண்றதுன்னா பயம் மேடம், ஒவ்வொண்ணும் சொல்லிட்டுப் பண்ணுங்க, கைய தூக்கினா நிறுத்திடுங்க"ன்னு. சரிம்மான்னு சொல்லிட்டு அந்தக் கருவிய எடுத்து என் கைல குடுத்து காட்டினாங்க, சின்ன சைஸும் இருக்கு, அதையே எடுத்துக்கலாம்னாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.